புதிய சொகுசு செடான் கைக்கு வந்ததும்: கோலாலம்பூரில் முதல் மாதத்துக்கான முழு வழிகாட்டி

சொகுசு செடான் வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பி.எம்.டபிள்யூவா, மெர்சிடிஸா, வால்வோவா? வெள்ளையா, கறுப்பா? ஏழு வருடக் கடனா, ஒன்பது வருடக் கடனா? வீடே கூடிப் பேசும். சாவி கைக்கு வந்ததும் அந்த யோசனையெல்லாம் அப்படியே நின்றுவிடும். தொழிற்சாலையில் எப்படி வைத்தார்களோ அதே அமைப்பில் கார் ஓடும். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு முணுமுணுப்பு கிளம்பும்: "இவ்வளவு காசு கொடுத்தோம், நினைத்த மாதிரி சொகுசா இல்லையே."

அந்த முணுமுணுப்புக்குக் காரணம் பெரும்பாலும் கார் இல்லை. ஜெர்மன் நெடுஞ்சாலைக்கென்று தயாரான ஒரு வண்டியை பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துக்கும் எல்.டி.பி. (டாமன்சாரா–பூச்சோங்) நெடுஞ்சாலை நெரிசலுக்கும் நான்கு மணி மழைக்கும் யாரும் பழக்கவில்லை என்பதுதான் காரணம். பழக்குவதற்குப் பணம் தேவையில்லை, ஒரு மாதம் பொறுமை போதும். அந்த ஒரு மாதத்தில் எதை எந்த வரிசையில் செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்புறுதியும் வெயிலுக்காகக் கண்ணாடியில் ஒட்டும் படலமும் போக, முதல் மாதத்தில் இந்தக் காருக்கு வேறெதுவும் வாங்காதீர்கள். புது ரிம், பாடி கிட், கூடுதல் ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். கார் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதை மாற்றப் போவது வீண் செலவு.

வீட்டை அளந்துவிட்டுக் காரை எடுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) வரிசை வீட்டு போர்ச்சுகள் சின்னக் கார்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. இப்போதைய பி.எம்.டபிள்யூ 5 சீரிஸின் நீளம் 5,060 மில்லிமீட்டர், அகலம் 1,900. பெரோடுவா மைவியின் நீளம் 3,895. மைவியை நிறுத்திக் கேட்டை மூடிப் பழகிய இடத்தில் இன்னும் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். கேட் உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் அந்த வளைவையும் சேர்த்து அளக்க வேண்டும். பின்கதவு பட்டனைத் தட்டினால் தானாக எழும்பும் மாடலா? போர்ச்சின் கூரையிலோ சுவரிலோ இடிக்குமா என்று பாருங்கள். பல கார்களில் பின்கதவு எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பதைத் திரையிலேயே குறைத்து வைக்கலாம்.

கொண்டோவில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு. கார் நிறுத்துமிடத்துக்கு ஏறும் சாய்தளத்தில், திரும்பும் மூலையில், அடிப்பாகம் தட்டுமா என்று பார்க்க வேண்டும். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போதே, "என் வீட்டு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

நல்ல நேரம் வேறு, சோதிக்கும் நேரம் வேறு

நம்மவர்கள் காரை நல்ல நேரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் காரை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று குடும்பமே ஷோரூமில் நிற்கும். அந்த அவசரத்தில் யாரால் பெயிண்டைப் பார்க்க முடியும்? மாலை, போட்டோ, அம்மா கையில் ஆரத்தித் தட்டு. கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிடுவோம்.

அதனால் முந்தின நாளே தனியாகப் போங்கள். பகல் வெளிச்சத்தில், கார் காய்ந்திருக்கும்போது பாருங்கள். ஷோரூம் விளக்கில் எல்லாக் காரும் அழகுதான். வெயிலில்தான் பாலிஷ் போட்ட வட்டக் கீறல்களும், கதவுக்கும் பம்பருக்கும் இடையே உள்ள நிற வேறுபாடும் தெரியும். கதவு, பானெட், பூட் இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

அப்புறம் எண்கள். சேசிஸ் எண் முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ கதவுத் தூணிலோ இருக்கும். அது பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பதிந்திருக்கும். 1825 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு டயர்களின் தேதிகளும் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகியிருந்தால் காரணம் கேளுங்கள்.

காரின் பின்பெட்டியைத் திறந்து கணக்கெடுங்கள். இரண்டு சாவி, இழுவைக் கொக்கி, சக்கரப் பூட்டு போல்ட்டுக்கான அடாப்டர், பஞ்சர் ஒட்டும் கிட், மின்சாரத்திலும் ஓடும் மாடல் என்றால் சார்ஜிங் கேபிள். இந்த அடாப்டர்தான் அடிக்கடி காணாமல் போகும் சாமான். நடுவழியில் சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால்தான் அதன் அருமை தெரியும்.

ஐரோப்பிய விமர்சன வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து "அந்த வசதி எங்கே?" என்று சண்டை போட வேண்டாம். மெர்சிடிஸ் பகாங்கின் பெக்கானிலும், பி.எம்.டபிள்யூ கெடாவின் கூலிமிலும், வால்வோ ஷா ஆலாமிலும் பொருத்தப்படுகின்றன. இங்கு பொருத்தும் காரின் இருக்கை, சஸ்பென்ஷன், உதவிக் கருவிகள் வெளிநாட்டுப் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. உங்களுக்குக் கொடுத்த மலேசியப் பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோய், வரி வரியாக டிக் அடியுங்கள்.

காகித வேலை: இங்கேதான் காசு சேமிப்பும் இழப்பும்

சாலை வரியைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியம். இங்கே அது காரின் விலையைப் பார்ப்பதில்லை, எஞ்சின் கொள்ளளவைப் பார்க்கிறது. தீபகற்பத்தில், தனிநபர் பெயரில் உள்ள காருக்கு 1,401 முதல் 1,600 சி.சி. வரை வருடத்துக்கு 90 ரிங்கிட்தான். மெர்சிடிஸ் சி200இன் எஞ்சின் 1.5 லிட்டர். ஆக, 1.5 லிட்டர் மைவிக்காரர் கட்டும் அதே தொண்ணூறு வெள்ளிதான் இவருக்கும்! 1,998 சி.சி. என்றால் 379 ரிங்கிட். 2,998 சி.சி. ஆறு சிலிண்டருக்குப் போனால் 2,125 ரிங்கிட். முழு மின்சாரக் கார்களுக்கு இருந்த வரி விலக்கு 2025 இறுதியோடு முடிந்து, 2026 ஜனவரி முதல் மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்துக் கணக்கு. தனிநபர் கார் வைத்திருக்கும் குடிமக்கள் 2023 பிப்ரவரியிலிருந்து சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை, சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜே.பி.ஜே.) மைஜே.பி.ஜே. செயலியில் காட்டினால் போதும்.

எண் தகடு ஏலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கூட்டுத்தொகை ஒன்பது வர வேண்டும், ஐந்து வர வேண்டும் என்று ஜே.பி.ஜே.யின் இணைய ஏலத்தில் பணத்தைக் கொட்டுவது அவரவர் விருப்பம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது காப்புறுதிக்கு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஏனென்றால் முழுக் காப்புறுதி என்று பெயர் இருந்தாலும் வெள்ளம் அதில் சேராது. அதற்கு 'சிறப்பு அபாயங்கள்' என்ற கூடுதல் பிரிவைத் தனியாக எடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது கூரை மட்டும் தெரிய நின்ற கார்களை எல்லாரும் பார்த்தோம். நிலத்தடி நிறுத்துமிடம் உள்ள கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் இதை யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, முன்கண்ணாடி. சொகுசு கார்களின் கண்ணாடியில் சத்தம் குறைக்கும் அடுக்கு, ஓட்டுநர் கண்ணுக்கு நேரே வேகத்தைக் காட்டும் ஒளித்திரைக்கான அடுக்கு, மேலே கேமரா எல்லாம் இருக்கும். கல் பட்டு விரிசல் விட்டால் கண்ணாடி மாற்றுவதோடு கேமராவையும் மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும். கண்ணாடிக்கான கூடுதல் பிரிவின் சந்தா பொதுவாகக் காப்புத்தொகையில் 15 விழுக்காடு. அந்தக் காப்புத்தொகையை முகவர் பழக்கத்தில் ஒரு சின்ன எண்ணாகப் போட்டுவிடுவார். உங்கள் காருக்கு அசல் கண்ணாடி என்ன விலை என்று சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டு அதையே போடச் சொல்லுங்கள். இந்தப் பிரிவில் கோரிக்கை வைத்தால் என்.சி.டி. சலுகை (கோரிக்கை வைக்காத வருடங்களுக்குச் சந்தாவில் கிடைக்கும் கழிவு) போகாது.

என்.சி.டி. என்றதும் இன்னொன்று. அந்தச் சலுகை கோரிக்கை இல்லாத முதல் வருடம் முடிந்ததும் 25 விழுக்காட்டில் தொடங்கி 30, 38.33, 45 என்று ஏறி 55இல் நிற்கும். பழைய காரை விற்றால் அதன் சலுகையைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழையதை மனைவிக்கோ மகனுக்கோ வைத்துக்கொண்டால், புதுக் கார் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எந்தக் காருக்கு எதை வைப்பது லாபம் என்று வாங்கும் முன்பே கணக்குப் போடுங்கள். பெரிய காரின் சந்தாவில் 55 விழுக்காடு சின்னத் தொகை இல்லை. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற முறையில் எடுப்பதும் நல்லது. கார் திருடுபோனாலோ முழுதாக நொறுங்கினாலோ அன்றைய சந்தை விலை என்ன என்று வாதாட வேண்டியதில்லை.

கோயிலுக்குப் போகும்போது

கோலாலம்பூரில் புதுக் கார் எடுத்த தமிழர் வீடுகளில் பாதிப் பேர் முதலில் போவது புடுவில் உள்ள கோர்ட்டுமலை பிள்ளையார் கோயிலுக்குத்தான். ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலுக்கும் போவார்கள். பூஜையைக் குறைக்கச் சொல்லவில்லை. இந்தக் காலக் காரில் எதை எங்கே வைக்கக்கூடாது என்று தெரிந்திருந்தால் ஐயரிடம் பணிவாகச் சொல்லலாம்.

முன்பக்க ரேடார் பல மெர்சிடிஸ் கார்களில் நட்சத்திரச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கிறது, பி.எம்.டபிள்யூவில் பெரும்பாலும் பம்பரின் கீழ்ப்பகுதியில். கனமான சாமந்தி மாலையை அதன்மேல் தொங்கவிட்டு ஓட்டினால், சிறிது தூரத்திலேயே திரையில் மஞ்சள் எச்சரிக்கை வரும். கார் கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். மாலையை எடுத்தால் சரியாகிவிடும். பொட்டு வைக்க முன்கண்ணாடியின் மேல் நடுப்பகுதி வேண்டாம், கேமரா அங்கேதான் இருக்கிறது. பம்பரில் உள்ள வட்டச் சென்சார்களில் சந்தனம் காய்ந்து ஒட்டினால், எதுவும் இல்லாத இடத்திலும் கார் பீப் பீப் என்று கத்தும்.

குங்குமத்தையும் மஞ்சளையும் வெள்ளைப் பெயிண்டில் வைத்து மழையில் நனையவிட்டால் கறை பிடிக்கும். எண் தகட்டில் வைக்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் நசுக்கியபின் சாறு பட்ட இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். தேங்காய் உடைப்பதைக் காரிலிருந்து நாலடி தள்ளி வைத்துக்கொள்ளலாம். சில்லு தெறித்தால் பம்பரில்தான் படும். டேஷ்போர்டு பிள்ளையாருக்கு இடம் தேடும்போது பயணிப் பக்க ஏர்பேக் மூடியும், ஒளித்திரை கிளம்பும் குழியும் இல்லாத இடமாகப் பாருங்கள். நடுவில், திரைக்கு முன்னால், சின்னதாக இருந்தால் போதும்.

முதல் மாலை: ஓட்டாமல் உட்காருங்கள்

உறவினர்கள் வந்து பார்த்து, "எவ்வளவு ஆச்சு? மாசம் எவ்வளவு கட்டுறே?" என்று கேட்டுவிட்டுப் போனபின், போர்ச்சிலேயே நிறுத்தி ஒரு மணி நேரம் உட்காருங்கள். இருக்கையைச் சரிசெய்ய முதலில் இடுப்பை முழுதாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கின் உச்சியில் மணிக்கட்டு பட வேண்டும், தோள் இருக்கையை விட்டு எழக்கூடாது. முதுகுவலி வருகிறது என்று இந்தக் கார்களைத் திட்டுகிறவர்களில் பலர் தொடை தாங்கியையும் இடுப்புத் தாங்கியையும் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்.

பக்கக் கண்ணாடிகளில் உங்கள் காரே பாதி தெரிகிறதா? வெளிப்பக்கம் திருப்புங்கள். கோலாலம்பூரில் இது உயிர் விஷயம். இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். ரிவர்ஸ் போட்டால் இடப்பக்கக் கண்ணாடி கீழே சாயும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். ரிம் சாலை ஓரக் கல்லில் உரசுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

இதையெல்லாம் உங்கள் பெயரில் ஒரு புரொஃபைலாகச் சேமியுங்கள். மனைவிக்கோ கணவருக்கோ இன்னொன்று. சேமிக்காவிட்டால் வாரத்தில் பாதி நாள் இருக்கையை நகர்த்துவதிலேயே போகும். போனைக் கம்பியில்லாமல் இணைத்து, சார்ஜ் தட்டில் வைத்து, வழிகாட்டி வரைபடமும் ஓடினால் நம் வெயிலில் போன் கொதிக்கும். நீண்ட பயணத்துக்குக் கேபிள் நல்லது. போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டால் ஒளித்திரை மங்கி மறைந்துபோகும். "ஹெட்-அப் வேலை செய்யவில்லை" என்று சர்வீஸுக்குப் போகும் முன் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள்.

சொகுசு டயரில் இருக்கிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதுக் கார் குலுக்குகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டயரில் எவ்வளவு காற்று என்பதைத்தான். கப்பலிலும் லாரியிலும் கொண்டுவரும்போதும், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும்போதும் டயர் தட்டையாகாமல் இருக்க அதிகக் காற்று அடித்து வைப்பது வழக்கம். ஒப்படைக்கும் முன் அதைக் குறைக்க வேண்டும். குறைக்க மறந்தால் தாமான் மேடுகளில் தடால் தடால் என்று விழும்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு பட்டியல் இருக்கும். மெர்சிடிஸில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். உங்கள் டயர் அளவுக்கு நேரே இரண்டு எண்கள்: குறைந்த சுமைக்கு ஒன்று, ஐந்து பேரும் பெட்டிகளும் இருந்தால் ஒன்று. ஓட்டி முடித்த டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடியிருக்கும், அதனால் காலையில் வெளியே கிளம்பும் முன், அல்லது வீட்டுக்கு அருகிலுள்ள எண்ணெய் நிலையத்தில் உடனே சரிபாருங்கள். நம் நிலையங்களின் காற்று இயந்திரம் பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். 240 கிலோபாஸ்கல் என்றால் 2.4 பார், பழைய கணக்கில் சுமார் 35 பி.எஸ்.ஐ. தினமும் ஒருவரோ இருவரோதான் போகிறீர்கள் என்றால் குறைந்த சுமைக்கான எண்ணை வையுங்கள். பண்டிகைக்கு ஊர் திரும்பும் பாலேக் கம்போங் கூட்டத்தில் குடும்பத்தோடு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போகும்போது கூட்டுங்கள். காற்றை மாற்றியபின் டயர் அழுத்தக் கண்காணிப்பைத் திரையில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பொய் எச்சரிக்கை வரும்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது ரன்-ஃபிளாட் டயரா சாதாரண டயரா என்று தெரிந்துகொள்ளுங்கள். ரன்-ஃபிளாட்டின் பக்கச்சுவர் தடித்தது. காற்றே இல்லாமல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். அந்தத் தடிப்புதான் சின்னப் பள்ளங்களில் உணரும் இறுக்கத்துக்கும் காரணம். சாதாரண டயர் மென்மையாக இருக்கும், ஆனால் பல சொகுசு செடான்களில் மாற்று டயர் கிடையாது. பசையும் காற்று பம்பும் உள்ள கிட் மட்டும்தான். ஆணி குத்தினால் அது காப்பாற்றும். பள்ளத்தில் விழுந்து பக்கச்சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இழுவை லாரிதான். அந்த உதவி எண்ணைப் போனில் இப்போதே சேமியுங்கள்.

ரிம் 19 அங்குலம், அதற்கு மேல் என்றால் ரப்பர் மெலிந்த பட்டையாகத்தான் இருக்கும். மழை பெய்து நீர் தேங்கிய சாலையில் பள்ளம் தெரியாது. அடுத்த காரின் சக்கரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவது நம் ஊரில் அவசியமான பழக்கம். காற்றைச் சரிசெய்து, 'கம்ஃபர்ட்' முறையில் ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் இறுக்கம் தாங்க முடியவில்லை என்றால், டயர் தேயும்போது வேறு வகை பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம்.

முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர்

"இந்தக் காலத்து எஞ்சினுக்கு ரன்னிங்-இன் எல்லாம் தேவையில்லை அண்ணே" என்று மாமாக் கடையில் யாராவது சொல்வார்கள். புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் அந்த ரன்னிங்-இன் தேவையில்லை என்று கையேடு சொல்லவில்லை. பி.எம்.டபிள்யூ பெட்ரோல் எஞ்சினுக்கு முதல் 2,000 கிலோமீட்டர் வரை நிமிடத்துக்கு 4,500 சுழற்சிக்குள் வைக்கச் சொல்கிறது. மெர்சிடிஸில் 1,500 கிலோமீட்டர். பெடலைத் தரையோடு அழுத்தி முந்துவது இந்தக் காலத்தில் கூடாது. டயர்களின் மேல்பரப்பு வழுவழுப்புப் போக முதல் 300 கிலோமீட்டர் வரை ஆகும், பிரேக் பட்டைகள் பதிய இன்னும் சில நூறு. அதனால் முதல் வாரத்தில் மழை பெய்தால் முன்னால் போகும் காருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

எஞ்சினுக்குப் பிடிக்காதது ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவது. ஆகவே பிளஸ் நெடுஞ்சாலையில் குரூஸ் போட்டு 110இல் தெற்கே போவதைவிட, காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் வரை ஏறி இறங்கி வருவது நல்ல பழக்கம். ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் கிடைக்கும். பெந்தோங்கில் டுரியான் வாங்கினால் பின்பெட்டியில் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். புதுத் தோல் இருக்கையில் அந்த வாசனை குடியேறிவிட்டால் அப்புறம் எந்த வாசனைத் திரவியமும் ஜெயிக்காது.

நெரிசலில் பழகுதல்

முதல் வாரம் உதவிக் கருவிகளை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் எது கத்துகிறது, எது ஸ்டியரிங்கை இழுக்கிறது என்றே புரியாது.

ஆட்டோ ஹோல்டை முதலில் போடுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு இதைவிடப் பெரிய சொகுசு கிடையாது. நின்றதும் காலை எடுத்துவிடலாம், கார் நகராது. வீட்டுப் போர்ச்சில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் திடுக்கென்று பாயும். எஞ்சின் தானாக அணையும் வசதி வேறு கதை. பல மாடல்களில் எஞ்சின் நின்றால் குளிர்சாதனத்தின் அழுத்தியும் (கம்ப்ரசர்) நிற்கும், நண்பகல் சிவப்பு விளக்கில் உள்ளே சூடு ஏறும். எனக்கு அது பிடிக்காது. மதிய வெயிலில் அணைத்துவிடுவதே என் கட்சி.

முன்னால் போகும் காருக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றும் ரேடார் குரூஸ் நெரிசலில் உதவும்தான். ஆனால் நீங்கள் விடும் இடைவெளியில் ஒரு கார் நுழையும், உங்கள் கார் பிரேக் பிடிக்கும், இன்னொன்று நுழையும். இடைவெளியைக் குறைந்த அளவில் வைத்தால் எல்.டி.பி.யில் ஓரளவு தாங்கும். குறுக்கே வரும் மோட்டார் சைக்கிள்களை அது எப்போதும் நேரத்தில் பார்க்கும் என்று நம்பாதீர்கள். கால் பிரேக் பக்கமே இருக்கட்டும். தடம் காக்கும் வசதி, சாலை வேலை நடக்கும் இடங்களில் பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் குழப்பிக்கொண்டு ஸ்டியரிங்கை இழுக்கும். நகருக்குள் அதை அணைத்து, நெடுஞ்சாலையில் மட்டும் போடுவது நிம்மதி. பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டும் விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைக்காதீர்கள்.

வெயிலும் டோலும்

கண்ணாடிப் படலத்துக்கு 2019 மே மாதத்திலிருந்து உள்ள விதி இது: முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்க இரு கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் குற்றமில்லை. விற்பனையாளர் இலவசமாகத் தரும் படலத்தை வாங்கும் முன் எந்த வகை என்று கேளுங்கள். இருட்டு வேறு, சூட்டைத் தடுப்பது வேறு. உலோகம் கலந்த படலம் சூட்டைத் தடுக்கும், ஆனால் டோல் கட்டும் டச் அண்ட் கோ ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையின் சிக்னலையும் தடுக்கும். சில கார்களின் முன்கண்ணாடியே அப்படிப்பட்டது. அப்போது வில்லையை முன்விளக்கில் ஒட்டுவதுதான் வழி. டோலில் கம்பம் எழும்பாமல் பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கும் அவமானம், எத்தனை லட்சம் வெள்ளிக் காருக்கும் ஒன்றுதான்.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. பெட்ரோல் மூடிக்குப் பின்னால் குறைந்தபட்ச ரோன் (ஆக்டேன்) எண் எழுதியிருக்கும். பெரும்பாலான சொகுசு செடான்களுக்கு அது 95. மூடியில் 95 என்றிருந்தால் 97 போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது கௌரவப் பிரச்சினை, எஞ்சின் பிரச்சினை இல்லை. 2025 செப்டம்பர் 30இல் லிட்டர் 1.99 ரிங்கிட்டில் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியம் காரைப் பார்ப்பதில்லை. மைகாட் அடையாள அட்டையும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமகனா என்று மட்டுமே பார்க்கிறது.

கழுவுவதும் கடன் கொடுப்பதும்

கறுப்புக் கார் எடுத்தவர்களுக்கு என் அனுதாபம். தெருமுனைக் கடையில் ஸ்னோ வாஷ் போடும்போது, முந்தின காரின் மண்ணைத் துடைத்த அதே துணி உங்கள் பானெட்டில் வட்டம் போடும். இரண்டு துணி சொந்தமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சாலையோர மரத்தடியில் நிறுத்தினால் பிசினும் காக்கை எச்சமும் விழும். எச்சத்தை அன்றே ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும், வெயிலில் விட்டால் பெயிண்டில் பதிந்துவிடும்.

அப்புறம், மச்சான் கல்யாணம். "உன் காடியைத்தான் மாப்பிள்ளைக்கு எடுக்கிறோம்" என்று ஒரு தொலைபேசி வரும், மறுக்க முடியாது. கொடுங்கள், ஆனால் நீங்களே ஓட்டுங்கள். ரிப்பனைச் செலோடேப்பால் பெயிண்டில் ஒட்டவிடாதீர்கள்; கதவு இடுக்கில் கட்டலாம். பூக்காரர் உறிஞ்சுபிடி வைத்த அலங்காரம் கொண்டுவந்தால், கீழே உள்ள தூசியைத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

குறிப்பு எழுதி, சர்வீஸ் மையத்துக்கு ஒரு முறை

போனில் ஒரு பக்கம் திறந்து, மாதம் முழுக்கத் தோன்றுவதை எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தச் சாலை, என்ன வேகம், மழையா வெயிலா, எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சத்தம் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். காலையில் மட்டும் பின் இருக்கையிலிருந்து கிரீச் என்கிறது, ரிவர்ஸில் இடப்பக்கக் கேமரா சில நேரம் கறுப்பாகிறது, இப்படி. முடிந்தால் பயணிப் பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுக்கட்டும். திரையில் வந்த எச்சரிக்கை அடுத்த முறை எஞ்சினைப் போடும்போது மறைந்துவிடலாம், படம் இருந்தால் மறுக்க முடியாது.

மாத இறுதியில் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். காற்று, அமைப்பு, பழக்கத்தால் சரியானவற்றை அடித்துவிடுங்கள். மிஞ்சியவற்றை மின்னஞ்சலில் சர்வீஸ் ஆலோசகருக்கு அனுப்பிவிட்டு நேரம் வாங்குங்கள். வாயால் சொல்வதைவிட எழுத்தில் இருப்பது வாரண்டிக்கு நல்லது. போன அன்று காரை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தொழில்நுட்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் சாலையில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்றும் கேளுங்கள். புதுப்பித்தபின் உங்கள் இருக்கை புரொஃபைலும் ஆட்டோ ஹோல்ட் அமைப்பும் இருக்கின்றனவா என்று மையத்தை விட்டு வெளியே வரும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாஷ்கேம் போட நினைத்தால் அதையும் அந்தச் சந்திப்பிலேயே பேசிவிடலாம். வெளிப் பட்டறையில் வயரை வெட்டி இணைத்தால் மின்சாரக் கோளாறு வரும்போது வாரண்டி வாதம் தொடங்கும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் கேமரா, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடும் காரின் 12 வோல்ட் பேட்டரியை இறக்கிவிடும். பேட்டரி எந்த அளவுக்கு இறங்கினால் கேமரா தானாக அணைய வேண்டும் என்று கேட்டு, அந்த வரம்பை அங்கேயே அமைக்கச் சொல்லுங்கள்.